ஏழாவது நாற்காலி

கல்யாணத்துக்கு ஆயிரம் பேரை அழைப்பது சுலபம். சனிக்கிழமை சாயங்காலம் சீட்டாடுவதற்கு ஆறு பேரைக் கூட்டுவதுதான் கஷ்டம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆயிரம் பேர் கொண்ட ஜாபிதாவில் ஒரு பெயர் விட்டுப்போனால், கல்யாண வீட்டு அமளியில் நேர்ந்த மறதி என்று ஊர் மன்னித்துவிடும். ஆறு பேரில் ஒருவர் விட்டுப்போனால் அது மறதி ஆகாது; தீர்ப்பு ஆகிவிடும்.

திருச்சியில் என் வீட்டில் பதினான்கு வருஷங்களாகச் சனிக்கிழமைதோறும் ஒரு சீட்டுக் கச்சேரி நடந்து வருகிறது. ஐந்தரை மணிக்கு ஆரம்பம்; எட்டரை மணிக்கு மங்களம். ஆட்டம் ரம்மி. ஆளுக்கு இருபது ரூபாய் வைத்து, 201 புள்ளிக்கு ஆடுவோம். புள்ளி 201-ஐத் தொட்டவர் ஆட்டத்திலிருந்து விலகி, வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கடைசிவரை நின்று ஜெயித்தவர் அடுத்த வாரத்து வெங்காய பஜ்ஜிச் செலவை ஏற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெங்காயம் விற்கிற விலையில், இந்த ஆட்டத்தில் ஜெயித்துப் பணக்காரர் ஆனவர் எவரும் இல்லை.

"எழுத்தாளர் வீட்டில் சூதாட்டமா?" என்று புருவத்தை உயர்த்தும் அன்பர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளுவர் ஒன்பதாம் அதிகாரத்தில் விருந்தோம்பச் சொன்னார்; தொண்ணூற்று நாலாம் அதிகாரத்தில் சூதை விலக்கச் சொன்னார். சூதாடுவதற்கென்றே விருந்தினரை அழைக்கிறவனை எந்த அதிகாரத்தில் சேர்ப்பது என்பது எனக்கும் சந்தேகந்தான். ஆனால் 1967 நவம்பரில் நம் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைப் பொறுத்த ஆட்டம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதைப் பிடிப்பது, எதை எறிவது என்று யோசிக்க வேண்டும் என்பது காரணம். எங்கள் மேஜையில் நடக்கும் ஆட்டத்தைக் கனம் நீதிபதிகள் பார்த்திருந்தால் திறமையைப் பற்றி வேறு அபிப்பிராயம் கொண்டிருக்கலாம். அது போகட்டும். நான் சொல்ல வந்தது சூதைப் பற்றி அல்ல, அழைப்பைப் பற்றி.

என் தகப்பனார் காலத்தில் இந்தச் சங்கடம் கிடையாது. வீட்டுக்குத் திண்ணை இருந்தது. திண்ணையில் ஒரு ஜமக்காளத்தை விரித்தால் ஆட்டம் தொடங்கிவிடும். யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெருவில் போகிறவர் செருப்பைக் கழற்றுவார். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் சற்று நகர்ந்துகொள்வார். ஆட இடமில்லாதவர்கள் பின்னால் உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அதை எறியாதே ஐயா, பாழாய்ப்போச்சு!" என்று அலறுவார்கள். ஆடுகிறவர்களைவிட அவர்களுக்குத்தான் உற்சாகம் அதிகம். ஜமக்காளத்துக்கு எண்ணிக்கை கிடையாது. நாற்காலிக்கு உண்டு. திண்ணையை இடித்துவிட்டுச் சுவரும் கதவும் அழைப்பு மணியும் வைத்துக் கட்டிய நாளிலிருந்து, யார் உள்ளே வருவது என்று தீர்மானிக்கும் பாரம் நம் தலையில் ஏறிவிட்டது.

என் சாப்பாட்டு மேஜைக்கு ஆறு நாற்காலிகள். அது மட்டும் காரணம் அல்ல. சீட்டுக்கட்டுக்கே ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு கட்டுகளைச் சேர்த்தால் 104 சீட்டு. கட்டுக்கு ஒரு ஜோக்கர் வைத்தால் 106. ஆளுக்குப் பதின்மூன்று வீதம் ஆறு பேருக்குப் போட்டால் 78 போகும். மீதி 28-ல் ஜோக்கருக்காக ஒன்றும் திறந்து வைக்க ஒன்றும் போனால், நடுவில் 26 நிற்கும். ஆட்டம் மூச்சு விட அது போதும். ஏழு பேர் உட்கார்ந்தால் 91 சீட்டு கைகளுக்கே போய்விடும். நடுவில் நிற்பது பதின்மூன்றுதான். இரண்டு சுற்று முழுசாக வருவதற்குள் கட்டு தீர்ந்துபோய், எறிந்த சீட்டுகளையே மறுபடி கலைத்துப் போட வேண்டும். மூன்று கட்டுச் சேர்த்து ஆடலாமே என்றால், கலைக்கவே இரண்டு ஆள் வேண்டும். இரண்டு மேஜையாகப் பிரித்தால் ஒரு பக்கம் நாலு பேர், ஒரு பக்கம் மூன்று பேர். மூன்று பேர் மேஜைக்கு யாரும் மனமொப்பிப் போவதில்லை. இப்படியாக, ஆறு என்பது நானாகப் போட்ட வேலி அல்ல என்று என் மனசாட்சிக்கு நான் நெடுநாள் சமாதானம் சொல்லி வந்தேன்.

ஆறு பேரில் ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகளோடு இருக்கப் பெங்களூருக்குக் குடிபோனபோது ஒரு நாற்காலி காலியாயிற்று. அந்த இடத்துக்கு எங்கள் தெருக்கோடிப் பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், மகன், மருமகளோடு இருப்பவர். முதல் நாளே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாக ஐந்தே காலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

நல்ல மனிதர். ஆனால் ஆட்டத்தில் மெதுவு. மெதுவு என்றால் சாதாரண மெதுவு இல்லை. ஒரு சீட்டை எடுப்பார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போவார். விளக்கின் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். கையில் உள்ள பதின்மூன்றையும் ஒருமுறை கலைத்து மறுபடி அடுக்குவார். அதற்குள் மருந்துக்கடைக்காரர் தம் கைபேசியில் பாதிப் பத்திரிகையைப் படித்து முடித்துவிடுவார். ஒரு தடவை கிளாவரையும் இஸ்பேடையும் கலந்து வரிசை சேர்த்து, வெற்றிச் சிரிப்போடு கீழே வைத்துவிட்டார். தப்பான ஷோவுக்கு எண்பது புள்ளி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். இப்போது நினைத்துப் பார்த்தால், எங்கள் சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. அப்போது வக்கீல் நண்பர் ஒரு கல்லூரிப் பேராசிரியரை அழைத்து வந்தார். இளைஞர், வேகமாக ஆடுவார், நாலு ஆட்டத்துக்கு ஒரு வேடிக்கைக் கதை சொல்லுவார். பெரியவர் அந்த வாரம் ஊரில் இல்லை. ஆட்டம் பிரமாதமாக இருந்தது. எட்டரைக்கு எழுந்திருக்க யாருக்கும் மனமில்லை. போகும்போது வக்கீல் என் தோளைத் தட்டி, "இவர் வந்தால் களை கட்டுகிறது, பார்த்தீர்களா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஆறு நாற்காலி, ஏழு பேர். மற்றவர்கள் தங்கள் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, கத்தியை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வழக்கமாக நான் வியாழக்கிழமை இரவு வாட்ஸப்பில் செய்தி அனுப்புவேன். அந்த வியாழக்கிழமை பெரியவருக்கு மட்டும் அனுப்பவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவரே போன் செய்தார்.

"என்ன சார், செய்தி ஒண்ணும் வரலையே? ஆட்டம் உண்டுதானே?"

"உண்டு சார். ஆனா இந்த வாரம் ஆள் சேர்ந்துடுச்சு. இடம் இல்லை. அடுத்த வாரம் பார்ப்போம்."

"அதனாலென்ன சார், அடுத்த வாரம் வரேன்" என்றார் அவர், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொன்னேன். பிறகு அவர் போன் செய்வது நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. புரிந்துகொண்டுவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். பிறருடைய மௌனத்தை நமக்குச் சாதகமாக அர்த்தம் செய்துகொள்வதில் நாம் எல்லோருமே சமர்த்தர்கள்.

இப்படி இரண்டரை மாதம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை ஆசிரியர் நண்பருக்குக் காய்ச்சல்; வரவில்லை. ஐந்து பேர்தான் ஆடிக்கொண்டிருந்தோம். வாசற்கதவு திறந்தே கிடந்தது. ஆறரை மணி இருக்கும். நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் பெரியவர். என் மனைவி அவர் மருமகளுக்குக் கொடுத்தனுப்பியிருந்த ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். அதே வெள்ளைச் சட்டை.

அவர் பார்வை மேஜையைச் சுற்றி வந்தது. காலி நாற்காலியில் ஒரு கணம் நின்றது.

"அடடே, இன்னிக்கு அஞ்சு பேர்தானா?" என்றார்.

யாரும் பேசவில்லை. மின்விசிறிக் காற்றில் திறந்து வைத்த சீட்டு படபடத்தது. "வாங்க சார், உட்காருங்க" என்று நான் எழுந்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்லை சார், நடு ஆட்டத்துல எதுக்கு? கணக்குக் குழம்பிடும்" என்று சொல்லி, ஜாடியை அந்த நாற்காலியின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று நான் முதல் ஆளாக 201-ஐத் தொட்டு வெளியேறினேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. என்ன குற்றம் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே வழக்காடிக்கொண்டிருந்தேன். என் வீடு; என் மேஜை; என் சனிக்கிழமை. யாரோடு ஆடுவது என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லையா? ரயிலில் முன்பதிவு செய்த இடம் போல என் நாற்காலியை யாரும் சட்டம் பேசிக் கேட்க முடியுமா? முடியாது. அப்படியானால் அந்த ஊறுகாய் ஜாடி ஏன் என் கண்ணை விட்டு அகல மறுக்கிறது?

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் திருப்பறியலூர் என்று ஒரு தலம் இருக்கிறது. தக்கன் யாகம் நடந்த இடம் என்பார்கள். தேவர்கள் அத்தனை பேரையும் அழைத்த தக்கன், மாப்பிள்ளையை மட்டும் அழைக்கவில்லை. யாகம் அழிந்தது. தக்கனை நாம் துஷ்டன் என்று சொல்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தில் அவன் என்னைவிட மேல் என்று அன்று இரவு தோன்றியது. 'எனக்கு அவரைப் பிடிக்கவில்லை, அதனால் அழைக்கவில்லை' என்பதை அவன் மறைக்கவில்லை. யாகசாலையில் இடம் போதவில்லை என்று சொல்லவில்லை.

எப்படித் தேர்ந்தெடுத்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும் என்றும் யோசித்தேன். முதலில் பதில் அனுப்புகிறவருக்கு முதல் இடம் என்று வைக்கலாம். பார்ப்பதற்கு நியாயந்தான். ஆனால் கைபேசியைக் கையிலேயே வைத்திருப்பவருக்கும், மகன் வீட்டுக்கு வந்த பிறகு அவனைப் படித்துக் காட்டச் சொல்லுகிறவருக்கும் அது ஒரே நியாயம் ஆகுமா? பழையவருக்கே முதல் உரிமை என்று வைக்கலாம். அப்புறம் அது நாற்காலி இல்லை, பட்டா. திருவுளச் சீட்டுப் போடலாம். சீட்டாட்டத்துக்கே சீட்டுக் குலுக்குவது பொருத்தமாகக்கூட இருக்கும்.

திருவுளச் சீட்டு என்றதும் உத்திரமேரூர் நினைவு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைக் கல்வெட்டாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். வாரியத்தில் இருந்து இறங்கியவர் மூன்று ஆண்டுகள் கழியும்வரை மறுபடி வர முடியாது. யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். குடத்தையும் ஓலையையும்விட எனக்கு அந்தச் சுவர்தான் பெரிதாகப் படுகிறது. தான் ஏன் விடுபட்டோம் என்று தெரியாமல் ஒருவன் மறுக வேண்டியதில்லை. நேரே போய்ச் சுவரைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். பெரியவருக்கு அப்படி ஒரு சுவர் இல்லை. என் வாய் ஒன்றுதான் இருந்தது. அது பொய் சொல்லிற்று.

'யாருக்கும் இடமில்லை என்று சொல்லத் தேவையில்லாத மேஜை ஒன்று இருந்தால்?' என்றும் கேட்டுப் பார்த்தேன். இருந்ததே! சில வருஷங்களாகக் கைபேசிக்குள்ளேயே ரம்மி வந்திருந்தது. எந்த நேரம் போனாலும் நாற்காலி காலி. எத்தனை லட்சம் பேர் வந்தாலும் நாற்காலி காலி. யாரையும் அது திருப்பி அனுப்பவில்லை. பணத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அழுத பிறகு, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த மேஜையில் எவனும் விடுபடவில்லை என்பது உண்மை. அதேபோல் எவனும் ஒரு சனிக்கிழமை வராமற்போனால், "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாரும் இல்லை. நாற்காலி ஆறே இருப்பதால்தான் அதில் உட்கார அழைப்பது ஒரு மரியாதையாகிறது. அந்தக் காரணத்தினாலேயே, அழைக்காமல் விடுவது காயம் ஆகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது.

விருந்தளிப்பவனின் கடமை என்று எங்கோ படித்த ஒரு சம்பவமும் நினைவுக்கு வந்தது. 1946 மார்ச்சில் சர்ச்சில் அமெரிக்காவில் ஃபுல்டன் என்ற சிற்றூருக்குப் பேசப் போனார். 'இரும்புத் திரை' என்ற சொல்லை உலகத்தின் வாயில் போட்ட பேச்சு அது. ஜனாதிபதி ட்ரூமன் அவரைத் தம் ரயிலில் கூட்டிச் சென்றார். வழியில் போக்கர் ஆட்டம். ட்ரூமனுக்கும் அவர் சகாக்களுக்கும் அது கைவந்த கலை. சர்ச்சில் ஆசையோடு உட்கார்ந்தார், தொடர்ந்து தோற்றார். அவர் சற்று அப்பால் போன சமயத்தில், விருந்தாளியை இப்படிக் கறந்துவிடாதீர்கள் என்று ட்ரூமன் தம் ஆட்களிடம் சொன்னதாக உடனிருந்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கெட்டிக்கார ஆட்டக்காரர்களுக்கு நடுவே தடுமாறுகிறவரைப் பார்த்து, ட்ரூமன் ஆட்டத்தைத் தளர்த்தினார். நான் ஆளையே கழற்றிவிட்டேன்.

பொழுது விடிந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"நிஜமாகவே இடமில்லாமலா அவரை வரவேண்டாம்னு சொன்னீங்க?"

"ஆறு நாற்காலிதானே இருக்கு?"

"மாடியில ரெண்டு மடக்கு நாற்காலி பத்து வருஷமா கிடக்கு. சரி, ஆறுன்னே வெச்சுக்குவோம். அஞ்சு பேர் வந்த அன்னிக்கு ஏன் கூப்பிடலை?"

பதில் இல்லை.

"அவர் மெதுவா ஆடறார், உங்களுக்கெல்லாம் பொறுமை இல்லை. அதைச் சொல்ல வாய் வரலை. அதனால பாவம், நாற்காலி மேல பழியைப் போட்டுட்டீங்க" என்றாள்.

நாவலில் பத்துப் பக்கம் எழுதியும் நான் தொடாத இடத்தை அவள் இரண்டு வாக்கியத்தில் தொட்டுவிட்டாள். இடமில்லை என்பது நாற்காலிகள் சொல்லுகிற செய்தி அல்ல. நாற்காலிகள் பேசுவதில்லை. எண்ணிக்கை உண்மையாக இருக்கலாம். ஆறு பேருக்கு மேல் ஆட முடியாதுதான். ஆனால் அந்த ஆறு பேர் யார் என்பதைக் கட்டு சொல்லவில்லை, மேஜை சொல்லவில்லை. நான் சொன்னேன். தேர்ந்தெடுத்தது தவறு இல்லை. நான் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பதுபோல் நடித்ததுதான் தவறு.

அன்று காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மருமகள் எழுந்து வந்து, "வாங்க மாமா" என்றாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சனிக்கிழமை ஆனா அஞ்சு மணிக்கே சட்டையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துடுவாரு, மாமா. 'யாராவது வரலேன்னா கூப்பிடுவாங்க'ன்னு சொல்லுவாரு. ஏழு மணிக்குத்தான் சட்டையைக் கழட்டுவாரு."

பதினோரு சனிக்கிழமைகள். உள்ளே போக எனக்குக் கால் எழவில்லை. ஆனால் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். இடமில்லை என்றது பொய், நீங்கள் ஆடுவதற்கு நேரம் ஆகிறது என்று மற்றவர்களுக்கு அலுப்பு, எனக்கும் அலுப்பு, அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் அப்படிச் சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா ஆடறேன்னு எனக்கே தெரியும் சார்" என்றார். "உங்க வீட்டு மேஜை மேலே இருக்கிற அந்த மஞ்சள் விளக்குல எனக்குக் கிளாவருக்கும் இஸ்பேடுக்கும் வித்தியாசம் தெரியறது இல்லை. கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணிக்கணும், பண்ணிக்கலை. சொன்னா, கண்ணு தெரியாதவனுக்கு எதுக்கு ஆட்டம்னு நினைச்சுடுவீங்களோன்னு சொல்லாம இருந்துட்டேன்." பிறகு சொன்னார்: "மெதுவா ஆடறீங்கன்னு நீங்க சொல்லியிருந்தா, ஒண்ணு வேகமா ஆடப் பார்த்திருப்பேன், இல்லே வேடிக்கை பார்க்க வந்திருப்பேன். இடமில்லேன்னு சொன்னீங்களா, அதனால இடம் எப்போ காலியாகும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறக்கப் போவதில்லை. பொய்யான காரணத்தில் உள்ள கொடுமை அதுதான். உண்மையான குறையைச் சொன்னால் மனசு புண்படும். ஆனால் அதற்குப் பரிகாரம் தேடலாம். பொய்யான காரணத்துக்குப் பரிகாரமே கிடையாது. சொன்ன மனிதனை நம்பி, கேட்டவன் தப்பான வாசலில் போய்க் காத்து நிற்கிறான். தாட்சண்யத்துக்காகச் சொன்ன பொய் என்று நான் நினைத்தேன். யாருக்குத் தாட்சண்யம்? ஒரு நிமிஷம் சங்கடப்படுவதிலிருந்து என்னை நான் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு அவர் பதினோரு சாயங்காலம் விலை கொடுத்தார்.

அன்றே விளக்கை மாற்றினேன். மஞ்சள் போய் வெள்ளை வந்தது. அது பெரிய செலவு இல்லை.

இடப் பிரச்சினை மட்டும் மிச்சம் இருந்தது. ஆறு நாற்காலி, ஏழு பேர் என்பது பொய் இல்லையே! வாரம் ஒருவர் முறை போட்டு வெளியே இருப்பது என்று ஏற்பாடு செய்து, காகிதத்தில் ஆறு பெயர்களை எழுதினேன். என் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள்.

"உங்க பேரைக் காணோமே?"

"நான் வீட்டுக்காரன் அல்லவா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பதினான்கு வருஷத்தில் எத்தனையோ பேர் எனக்காக நாற்காலி இழந்திருக்கிறார்கள். நான் ஒரு நாளும் இழந்தது இல்லை. யார் வெளியே நிற்பது என்று தீர்மானிக்கிறவன் தன் பெயரை மட்டும் குடத்தில் போடுவதே இல்லை. ஏழாவது பெயராக என் பெயரை எழுதினேன். முதல் முறையும் எனக்கே வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை என் வீட்டில், என் மேஜையில் ஆறு பேர் ஆடினார்கள். நான் பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். காப்பி டபராக்களை எடுத்துக்கொண்டு வந்தேன். உள்ளே சிரிப்பு எழும்பும்போதெல்லாம் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சமையலறையில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். மூன்று மணி நேரம் அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"பழக்கமில்லாத வேலை, கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள் மனைவி, வாணலியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"கஷ்டந்தான்."

"ஏழாவது ஆளைப் பத்தி இவ்வளவு யோசிச்சீங்களே, எட்டாவது ஆள் ஒருத்தி பதினாலு வருஷமா இங்கே நிக்கறாளே, அவளைப் பத்தி யோசிச்சீங்களா?"

நான் திகைத்துப்போனேன். கல்யாணமான புதிதில் மழைநாட்களில் நானும் அவளும் ரம்மி ஆடியதுண்டு. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். அந்த விஷயத்தை நான் எவ்வளவு சௌகரியமாக மறந்திருந்தேன்! அவளிடம் நான் "இடமில்லை" என்றுகூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றியதில்லை.

இப்போது எட்டுப் பேர். மாடியிலிருந்து மடக்கு நாற்காலிகள் இறங்கின. கூடத்தில் ஒரு மேஜை, உள்ளே ஒரு மேஜை, நாலும் நாலும். பஜ்ஜி கடையிலிருந்து வருகிறது. முன்போல் ருசி இல்லை என்று வக்கீல் குறைப்பட்டுக்கொண்டார். "உங்க வீட்டிலிருந்து போட்டுக்கிட்டு வாங்களேன்" என்றாள் என் மனைவி, ஷோ காட்டியபடியே. இரண்டு மேஜையில் ஒரு மேஜை வேகமாக ஆடும். மற்றது நிதானமாக ஆடும். எந்த மேஜைக்கு யார் என்று வாராவாரம் சீட்டு எடுத்துப் பார்க்கிறோம்.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நான் எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. ஒன்பதாவது ஆள் ஒருவர் போன மாதம் கேட்டனுப்பினார். அவருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. "எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சேர்க்க எனக்கு இஷ்டமில்லை" என்று நேராகச் சொன்னேன். அவருக்கு என் மேல் வருத்தந்தான். ஆனால் அவர் சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்க மாட்டார்.

பெரியவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டார். இப்போது கிளாவரும் இஸ்பேடும் நன்றாகத் தெரிகின்றன. ஆனாலும் மெதுவாகத்தான் ஆடுகிறார், அது சுபாவம். வியாழக்கிழமை தவறாமல் அவருக்கு நான் செய்தி அனுப்புகிறேன். அப்படியும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் அவர் போன் செய்கிறார்.

"சார், இன்னிக்கு இடம் இருக்கா?"

"இருக்கு சார், வாங்க" என்கிறேன்.

முன்பெல்லாம் அவர் அப்படிக் கேட்டதில்லை.